கடைசி வளைவும் என் 2008 டைரியும்

பழைய டைரிகளை எடைக்குப் போடலாம் என்று எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தால் அந்த வேலை அன்றைக்கு நடக்காது. போன வாரம் எனக்கு அதுதான் ஆயிற்று. கையில் வந்தது 2008. நவம்பர் 3, திங்கட்கிழமைப் பக்கத்தில், பால் கணக்குக்கும் கேஸ் சிலிண்டர் வந்த குறிப்புக்கும் நடுவே என் கையெழுத்தில் ஒரு வரி: "க்ளாக் விலை போய்விட்டான். சந்தேகமே இல்லை."

படித்ததும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கார் பந்தயப் பைத்தியம் சோழவரத்தில் ஆரம்பித்தது. உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த அந்தப் பந்தயங்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். பிறகு கேபிள் டிவி வந்து ஃபார்முலா ஒன் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஷூமாக்கர் இருந்தவரை பெராரிதான் என் கட்சி. அவர் 2006-ல் ஓய்வு பெற்றதும் கட்சி மாறாமல் பெலிப் மாஸாவிடம் போய்ச் சேர்ந்தேன். ஆபீஸ் கேன்டீனில் எங்கள் மேஜையில் நாலைந்து பேர் உண்டு. அதில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் மட்டும் லூயிஸ் ஹாமில்டன் கட்சி. திங்கட்கிழமை டீ நேரம் முழுக்க இந்தச் சண்டைதான்.

2008-ல் மொத்தம் 18 பந்தயங்கள். பதினேழு முடிந்தபோது ஹாமில்டனுக்கு 94 புள்ளி, மாஸாவுக்கு 87. கடைசிப் பந்தயம் பிரேசிலில், சாவ் பாவ்லோ நகரத்து இன்டர்லாகோஸ் தடத்தில். மாஸா அந்த ஊரிலேயே பிறந்தவர். சென்னா 1991-ல் வென்ற பிறகு எந்தப் பிரேசில்காரருக்கும் பட்டம் கிடைத்ததில்லை. சென்னாவுக்கும் அதே ஊர்தான். அங்கே கூடியிருந்த கூட்டத்தின் நிலைமையை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதைய கணக்கில் முதலிடத்துக்கு 10, பிறகு 8, 6, 5, 4, 3, 2, 1. மாஸா ஜெயித்தால் 97. ஹாமில்டன் ஐந்தாவதாக வந்தால் 98, பட்டம் அவருக்கு. ஆறாவதாக வந்தால் இருவரும் 97. அப்போது அதிக வெற்றி யாருக்கு என்று பார்ப்பார்கள். மாஸாவுக்கு ஆறு, ஹாமில்டனுக்கு ஐந்து. ஆக, ஐந்தா ஆறா என்பதுதான் கேள்வி. அதற்கு முந்தைய வருஷமும் இதே தடத்துக்கு ஹாமில்டன் ராய்க்கோனனைவிட 7 புள்ளி முன்னால் வந்து, ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தைக் கோட்டைவிட்டவர். எங்கள் கட்சிக்கு அதனால் தெம்பு அதிகம்.

தீபாவளி முடிந்த முதல் ஞாயிறு. நம் நேரப்படி இரவு பத்தரைக்குத் தொடங்க வேண்டியது, மழை கொட்டியதால் பத்து நிமிஷம் தள்ளிப் போனது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் மிச்சமிருந்த முறுக்கு டப்பாவோடு, டிவி சத்தத்தைக் குறைத்து வைத்து உட்கார்ந்திருந்தேன். மாஸா ஒரு தவறும் செய்யாமல் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். ஹாமில்டன் நாலாவது. இப்படியே போனால் பட்டம் அவருக்குத்தான். நான் பாதி மனதோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொத்தம் 71 சுற்று. ஏழெட்டுச் சுற்று பாக்கி இருக்கும்போது மறுபடி தூறல். முன்னணியில் இருந்தவர்கள் பிட்டுக்குள் போய் ஈரத் தரைக்கான டயர் மாட்டிக்கொண்டு வந்தார்கள். டொயோட்டா அணி மட்டும் தன் இரண்டு கார்களையும் கூப்பிடவில்லை. முடிவதற்குள் மழை வலுக்காது என்று ஒரு சூதாட்டம். அதனால் அந்த அணியின் டிமோ க்ளாக் பின்னாலிருந்து நாலாவது இடத்துக்கு வந்துவிட்டார். ஹாமில்டன் ஐந்தாவது. அப்போதும் பட்டம் அவருக்குத்தான். ஆனால் இரண்டு சுற்று பாக்கி இருக்கும்போது, டோரோ ரோஸ்ஸோ காரில் வந்த செபாஸ்டியன் வெட்டல் ஹாமில்டனைத் தாண்டிவிட்டார். ஹாமில்டன் ஆறாவது!

நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றேன். மாஸா கோட்டைத் தாண்டினார். பெராரி கொட்டகையில் அவர் அப்பாவும் வீட்டாரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஹாமில்டன் இன்னும் சுமார் 39 விநாடி பின்னால் வந்துகொண்டிருந்தார். அந்த 39 விநாடிக்குள், கடைசிச் சுற்றின் கடைசி வளைவான ஜுன்சாவோவில், வழுக்கும் தரையில் வறண்ட தரை டயரோடு தத்தளித்துக்கொண்டிருந்த க்ளாக்கை வெட்டலும் ஹாமில்டனும் தாண்டிப் போனார்கள். ஹாமில்டன் ஐந்தாவது. 98-க்கு 97.

கொட்டகையில் குதித்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரோ போய்ச் சொன்னார்கள். ஒருவர் சுவரில் தலையை மோதிக்கொண்டார். மாஸா மேடையில் ஏறி, அழுதுகொண்டே மார்பைத் தட்டிக் கூட்டத்துக்கு மரியாதை செய்தார். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டையை அடைக்கும். அவ்வளவு கண்ணியமாகத் தோற்ற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் என்னிடம் அந்தக் கண்ணியம் இல்லை. நாலாவது இடத்தில் இருந்தவன் கடைசி வளைவில் வழிவிட்டான் என்றால் என்ன அர்த்தம்? காசு வாங்கிவிட்டான் என்றுதான் அர்த்தம். தூங்குவதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. காலையில் டைரியிலும் எழுதிவிட்டு, கேன்டீனிலும் போய் அதையே சொன்னேன். நான் மட்டுமில்லை, உலகம் முழுக்கப் பலர் அதைத்தான் சொன்னார்கள். க்ளாக்குக்கு வசவுகள் வந்து குவிந்தன.

அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஒரு தாளை அச்செடுத்துக்கொண்டு வந்தான்.

"சார், கடைசிச் சுற்றுக்கு க்ளாக் எடுத்துக்கிட்ட நேரம் 1 நிமிஷம் 44 விநாடிச் சில்லறை. அதே டொயோட்டா, அதே டயரோட போன ட்ருல்லி எடுத்துக்கிட்டதும் 1 நிமிஷம் 44 விநாடிச் சில்லறை. ட்ருல்லிக்கு யார் சார் காசு குடுத்தாங்க? அவர் எட்டாவதா வந்தாரு."

நான் பதில் சொல்லவில்லை. அவன் விடவில்லை.

"இன்னொண்ணு சார். டொயோட்டாக்காரங்களும் எல்லாரையும் மாதிரி டயர் மாத்தியிருந்தா க்ளாக் பின்னாடியே இருந்திருப்பாரு. அப்போ வெட்டல் தாண்டின பிறகும் ஹாமில்டன் அஞ்சாவதுதான். மாஸா ஒரு அரை நிமிஷமாவது சாம்பியனா இருந்தாருன்னா அது க்ளாக்காலதான்."

பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னான். "ஆடிட்ல நீங்க இப்படி எழுதுவீங்களா சார்?"

நான் தணிக்கைப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன். வவுச்சர் இல்லாமல் ஒரு பைசாவை ஒத்துக்கொள்ளாதவன் என்று பெயர். எனக்கு எங்கே பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "நீ வந்து ரெண்டு வருஷம் ஆகல, எனக்கு ஆடிட் சொல்லித் தர்றியா?" என்று நாலு பேர் எதிரில் கத்திவிட்டேன். அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனான். அதன் பிறகு எங்கள் மேஜைக்கு வரவில்லை. அடுத்த வருஷம் மதுரைக்கு மாற்றலாகிப் போனபோது பிரிவு உபசாரத்துக்கு நான் போகவில்லை. பல் வலி என்று சொன்னதாக ஞாபகம்.

பின்னால் க்ளாக்கின் காரில் பொருத்தியிருந்த காமிராப் படம் வெளிவந்தது. மனுஷன் காரைத் தடத்தில் வைத்திருக்கவே ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுகிறார். வழிவிட அவரிடம் என்ன இருந்தது! மாஸாவும் க்ளாக்கைக் குறை சொல்லவில்லை. நல்ல தரையில் 1 நிமிஷம் 14, 15 விநாடியில் முடிகிற சுற்று அது. அதைவிட அரை நிமிஷம் கூட ஆனது அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை என்பதைத்தானே அந்தப் பையன் தாளில் காட்டினான்.

உட்கார்ந்து நிதானமாகக் கணக்குப் போட்டால் பட்டம் போன இடங்கள் வேறு. ஹங்கேரியில் மாஸா முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது, மூன்று சுற்று பாக்கி இருக்க, இன்ஜின் வெடித்தது. கையிலிருந்த பத்துப் புள்ளி போனது. (அன்றைக்கு இரண்டாவதாக வந்தவர் இதே க்ளாக்!) சில்வர்ஸ்டோன் மழையில் மாஸா ஐந்து முறை சுழன்று கடைசியாக வந்தார். மலேசியாவில் இரண்டாவதாகப் போகும்போது தானே சுழன்று வெளியேறினார். எதிர்ப்பக்கமும் எழுத வேண்டும் இல்லையா? பெல்ஜியத்தில் ஹாமில்டன் முதலில் வந்தும் 25 விநாடி அபராதம் போட்டதால் மாஸாவுக்கு வெற்றி கிடைத்தது. இத்தனையையும் விட்டுவிட்டு, டிவியில் கடைசியாகப் பார்த்த ஆளைப் பிடித்துக்கொண்டேன்.

டைரியைப் படித்த அன்று சாயங்காலமே பழைய நண்பர் ஒருவரிடம் எண் வாங்கி மதுரைக்குப் போன் செய்தேன். "பையன்" என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர் இப்போது அதிகாரி, காலேஜ் படிக்கிற மகள் இருக்கிறாள். யார் என்று சொன்னதும், "சார்! சொல்லுங்க சார்" என்றார். க்ளாக் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி, அன்றைக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அத விடுங்க சார். மாஸா லண்டன்ல கேஸ் போட்டாரே, அது நியாயமா?" என்றார்.

அது சிங்கப்பூர் விவகாரம். 2008 செப்டம்பர் 28, முதல் இரவுப் பந்தயம். மாஸா முன்னால் போய்க்கொண்டிருந்தார். ரெனோ அணியின் பிக்கே ஜூனியர் சுவரில் மோதினார், சேஃப்டி கார் வந்தது, எல்லோரும் பிட்டுக்கு ஓடினார்கள். பெட்ரோல் குழாய் காரில் மாட்டியிருக்கும்போதே மாஸாவைக் கிளப்பிவிட்டார்கள். குழாயை இழுத்துக்கொண்டே போனார். கடைசியில் பதின்மூன்றாவது, பூஜ்யம் புள்ளி. அந்த மோதல் அணியின் உத்தரவுப்படி வேண்டுமென்றே செய்தது என்பது 2009-ல் வெளியானது. அந்தப் பந்தயத்தையே செல்லாது என்று வைத்தால் மூன்றாவதாக வந்த ஹாமில்டனின் 6 புள்ளி போய்விடும், பட்டம் மாஸாவுக்கு. இதைத்தான் வழக்காக 2024-ல் மாஸா லண்டன் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்.

நியாயம்தான் என்றேன் நான். இங்கே வவுச்சர் இருக்கிறது, மோதியவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"மோதினது பிக்கே சார். குழாயோட கிளப்பிவிட்டது பெராரி. அதுக்கும் ரெனோவா பொறுப்பு?"

சேஃப்டி கார் வராவிட்டால் மாஸா அந்த நேரத்தில் பிட்டுக்குள்ளேயே வந்திருக்க மாட்டாரே என்று கேட்டேன். அப்படிப் பார்த்தால் பெல்ஜியத்தையும் திருப்பிக் கொடுங்கள் என்றார். அதற்குள் அவர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். மணியைப் பார்த்தேன், முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தானே கூப்பிடுவதாகச் சொன்னார். சிங்கப்பூர் பந்தயத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆன நேரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவாராம். நானும் என் பேத்தியிடம் சொல்லி அந்தத் தாளை அச்செடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.