கார்லோஸ் கையில் இருந்த ஒரு பக்கம்

ஸ்கூல்ல டீச்சர் கேள்வி கேட்டதும் கை தூக்கியிருப்போம். அவங்க வேற ஒருத்தனைக் கூப்பிட்டா மனசுக்குள்ள என்ன ஓடும்? "இவன் தப்பா சொல்லணும்"னுதானே? இன்னைக்கு எபிசோடு அந்த நினைப்பைப் பற்றித்தான்.

வருஷம் 1971. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிடுச்சு. ஆனா ஆஸ்டினில் வெள்ளை, கறுப்பு, மெக்சிகன் வம்சாவளிக் குழந்தைகள் பரவலாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தது அப்போதான். உட்கார்ந்ததும் சண்டை. உளவியலாளர் எலியட் அரோன்சனிடம் உதவி கேட்டாங்க.

அவரும் அவரோட ஆய்வு மாணவர்களும் வகுப்புகளுக்குப் போய் கவனிச்சாங்க. எல்லாமே போட்டி. ஒருத்தர் தடுமாறினாத்தான் அடுத்தவருக்கு வாய்ப்பு. இந்த அமைப்புக்குள்ள "ஒற்றுமையா இருங்க"ன்னு சொல்லி என்ன பிரயோஜனம்?

அதனால விளையாட்டையே மாற்றினாங்க. ஐந்தாம் வகுப்புப் பாடம், பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை வரலாறு. அதை ஆறு துண்டாக்கி, ஆறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாங்க. தன் துண்டை மற்றவங்களுக்குச் சொல்லித் தரணும். தேர்வு மட்டும் முழுப் பாடத்திலும். ஜிக்ஸா புதிர் மாதிரி, ஒரு துண்டு குறைஞ்சாலும் படம் முடியாது.

ஒரு குழுவில் இருந்த பையனை அரோன்சன் கார்லோஸ்னு குறிப்பிடுறார். ஆங்கிலம் அவனுக்கு இரண்டாம் மொழி. முன்பு பேசினாலே கேலி. அதனால டீச்சரும் அவனைக் கேட்காம விட்டுடுவாங்க. பாவம் பார்த்துத்தான், ஆனா அவன் அமைதி அப்படியே உறைஞ்சு போச்சு. இப்போ அவன் பேசியே ஆகணும். திக்கினான், மற்றவங்க சிரிச்சாங்க. சிரிச்சா புலிட்சர் பற்றி அவன்கிட்ட இருக்கிற விஷயம் கிடைக்காது, தேர்வு நெருங்குதுன்னு ஆய்வு உதவியாளர் ஞாபகப்படுத்தினாங்க. சில நாளில் அதே பசங்க அவன்கிட்ட பொறுமையா, நல்ல கேள்வியா கேட்கக் கத்துக்கிட்டாங்க. அப்போதான் அவன் எவ்வளவு புத்திசாலின்னு புரிஞ்சது.

இதுல ஒரு வேடிக்கை: அந்த புலிட்சரே ஹங்கேரியில் பிறந்து, 17 வயசில் ஆங்கிலம் சரியா வராம அமெரிக்கா வந்தவர்தான்!

இந்த முறை பிறகு மொழி வகுப்புகளுக்கும் போச்சு. காரணம் எளிமையானது. எல்லார் கையிலும் ஒரே பாடம் இருந்தா, "என்ன படிச்சே?"ங்கிறது வெறும் சோதனைக் கேள்வி. ஆளுக்கொரு துண்டு இருந்தா அது நிஜக் கேள்வி. பதில் தெரியாம வேலை நகராது.

இது மந்திரம் இல்லை. பின்னாடி வந்த ஆய்வுகள் எல்லாமே இதே அளவு பலனைக் காட்டலை. துண்டு ரொம்பக் கடினமா இருந்தா, சொல்லித் தர்றவரும் குழம்புவார், கேட்கிறவங்களும் குழம்புவாங்க.

ஆனா எனக்குள்ள தங்கினது ஒண்ணு. கார்லோஸோட ஆங்கிலம் அந்தச் சில நாளில் பெருசா மாறியிருக்காது. மாறினது, அவன் சொல்றது மற்றவங்களுக்குத் தேவைப்பட்டதுதான். உங்க டீம் மீட்டிங்ல எப்பவும் அமைதியா இருக்கிறவர் கையில் எந்தத் துண்டு இருக்குன்னு எப்பவாவது கேட்டிருக்கீங்களா? யோசிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.