கடற்கட்டியும் முறைக்காய்ச்சலும்: மன்னார்க் கரையில் நோய்நம்பிக்கையும் உடற்பேணலும்

நோயாளர் மருந்தைக் குறித்த காலம் முழுவதும் உட்கொள்வதில்லை, தம்முடலைத் தாமே பேணும் ஒழுங்கை இடைநடுவிற் கைவிடுகின்றனர் என்பது மருத்துவ உலகின் நெடுநாளைய முறைப்பாடாகும். இதற்குக் காரணம் மக்களின் மூடநம்பிக்கையே என்பது வழமையான விடை. நம்பிக்கையை அதைத் தாங்கிநிற்கும் உழைப்பினின்றும் பிரித்து, தனிமனித மனத்தின் குறைபாடாகக் காணும் இவ்விடை எத்துணைப் பொருத்தமானது? மன்னார்த் தீவும் அதன் எதிர்க்கரையும் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகின்றன.

சுறாவை விலக்கி வலம்புரி மூழ்கும் பரதவரை அகநானூறு அறியும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்பகுதியின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பெருமீன்களை மந்திரத்தாற் கட்டுவோர் அகப்பட்ட முத்தில் இருபதில் ஒரு பங்கு பெற்றனர் என்கிறார். பகலில் இட்ட கட்டை அவர்கள் இரவில் அவிழ்த்துவிடுவர் என்றும் கூறுகிறார். இச்செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. பகலில் உழைப்பவனுக்குக் காவலாயிருந்த மந்திரம், இரவில் அவிழ்க்கப்பட்டதன் மூலம் களவாகக் குளிப்போரை அச்சுறுத்தி முத்துப்படுகைக்குக் காவலாயிற்று. ஒரே நம்பிக்கை உழைப்புக்கும் உடைமைக்கும் ஒருங்கே பணிசெய்தது.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இந்நிலை தொடர்ந்தது. 1803இல் றொபேட் பேர்சிவலும், 1807இல் ஜேம்ஸ் கோடினரும், 1859இல் எமேர்சன் ரெனன்றும் வெளியிட்ட நூல்கள் கடற்கட்டி எனப்பட்ட இம்மந்திரக்காரரை விவரிக்கின்றன. அவர் உடனில்லையேல் குளியாளர் கடலில் இறங்க மறுத்தனர். ரெனன்ற் காலத்தில் அப்பரம்பரையின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். அதனால் மந்திரத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. நம்பிக்கை சமயக் கோட்பாட்டில் அன்றித் தொழிலில் வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சங்கமோ தொழிற்சட்டமோ இல்லாத காலத்தில், 'இன்று இறங்கமாட்டேன்' என்று கூறுவதற்குக் குளியாளனுக்கு இருந்த ஏற்புடைய மொழி இதுவே எனலாம்.

ஆனால் அவனுடைய அன்றாடத் துன்பம் சுறாவன்று. சுறாவாற் காயமுற்றோர் மிகச் சிலரே. கல்லைக் காலிற் பற்றி, மூச்சை அடக்கி, ஒருநாளில் நாற்பது ஐம்பது முறை மூழ்கியவர்களின் வாயிலும் மூக்கிலும் செவியிலும் குருதி கசிந்ததைப் பேர்சிவல் குறிப்பிடுகிறார்; அந்நிலையிலும் அவர்கள் மீண்டும் மூழ்கினர். உடலைப் பேணுவதாயின் மூழ்கும் தடவைகளைக் குறைத்திருத்தல் வேண்டும். குளியாளன் பெற்றதோ சிப்பியிற் பங்கு. தடவை குறைந்தால் கூலி குறையும். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன; அரசு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா ஈட்டிற்று. சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளியாளர்க்கும் உரியன. உற்பத்திக்கு உதவிய நம்பிக்கையை நிருவாகம் ஆதரித்தது. உற்பத்தியைக் குறைக்கும் உடற்பேணலை எவரும் ஆதரிக்கவில்லை.

கரையிலிருந்து உள்நாட்டுக்குச் செல்வோமாயின் மலேரியாவைச் சந்திக்கிறோம். விட்டுவிட்டு வருவதால் மக்கள் இதை முறைக்காய்ச்சல் என்றனர். இப்பெயரில் அறியாமை இல்லை. கூர்ந்த அவதானமே உள்ளது. வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் உறங்கிக்கிடந்து மீண்டும் எழுவதை அறிவியல் பின்னர் விளக்கியது. அதனை வேரோடு களைவதற்குப் பிறைமாக்குயின் மாத்திரையைப் பொதுவாகப் பதினான்கு நாள் உட்கொள்ளல் வேண்டும். காய்ச்சலோ சில நாளிற் தணிந்துவிடும். தணிந்த மறுநாளே வயலுக்கோ வாடிக்கோ செல்லவேண்டிய கூலியாளுக்கு மீதி மாத்திரை தேவையற்றதாகத் தோன்றுகிறது. 'முறை முடிந்தது' என்ற எண்ணத்துக்கு அடுத்த நாட்கூலியே வலுவூட்டுகிறது. அவ்வாறே மடுமாதா கோவில் மண்ணைப் பாம்புக்கடிக்கு மருந்தாகக் கொள்ளும் வழக்கமும் ஆராயப்படல் வேண்டும். அம்மண்ணை மட்டும் நம்பிக் காலந்தாழ்த்துவது உயிருக்கு ஆபத்தானது. எனினும் மருத்துவமனை தொலைவிலிருந்த காட்டுக் கிராமத்தில் கையெட்டும் தூரத்தில் இருந்தது மண்ணே என்பதையும் மறத்தல் ஆகாது.

நோய்பற்றிய தவறான நம்பிக்கை பாமரருக்கே உரியதெனக் கொள்வதும் பிழையாகும். ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்ட 1934–35 கொள்ளைநோயின் பின், 1946 முதல் டி.டி.ரி. தெளிக்கப்பட்டு, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். நோய் ஒழிந்தது என நம்பித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1969இல் நோயுற்றோர் ஐந்து இலட்சத்தைக் கடந்தனர். காய்ச்சல் தணிந்ததும் மாத்திரையை நிறுத்திய கூலியாளின் தருக்கத்துக்கும் நிருவாகத்தின் தருக்கத்துக்கும் வேறுபாடு யாது? முன்னவனை மூடன் என்றனர். பின்னதைத் திட்டம் என்றனர்.

இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. உள்நாட்டிற் தொற்றிய இறுதி மலேரியா நோயாளர் 2012 ஒக்ரோபரிற் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி நுளம்பு மன்னாரிற் கண்டறியப்பட்டது. அது பெருகும் இடங்களுள் வீட்டுக் கிணறும் நீர்த்தொட்டியும் அடங்கும். இன்றைய உடற்பேணல் என்பது கிணற்றை மூடுதல், புழுவுண்ணும் மீனை அதில் விடுதல், நோயுள்ள நாட்டிலிருந்து திரும்பியவர் காய்ச்சல் கண்டதும் குருதியைப் பரிசோதித்தல் என்பனவாகும். 'மலேரியா போய்விட்டது' என்ற நம்பிக்கையே இவற்றுக்குப் பெருந்தடை. ஆயின் கிணற்றுக்கு மூடியிடப் பணமும், மூடிய கிணற்றிலிருந்து நீரெடுக்க வசதியும், பரிசோதனைக்குச் செல்ல ஒருநாள் ஓய்வும் தேவை.

எனவே ஒரு நம்பிக்கை உண்மையா பொய்யா என்று வினவுவதோடு அமையாது, அது எவருடைய வாழ்வில் என்ன பணியைச் செய்கிறது என்றும் வினவுதல் வேண்டும். அப்பணியை ஆற்றும் வேறொரு வழியை ஏற்படுத்தாமல் நம்பிக்கையை மட்டும் கண்டிப்பது, கூலியைக் கொடாது குளியாளனை ஓய்வெடுக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். அறிவூட்டலும் வாழ்நிலை மாற்றமும் ஒருங்கே நிகழும்போதே பதினான்காம் நாள் மாத்திரையும் உட்கொள்ளப்படும்.