கோடைப் புல்லும் காவலுரிமையும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் ஆவணி மாதத்தில் நடந்து பார்ப்பவர், புல்லின் பச்சையை இரண்டோரிடங்களிலேயே காண்பர். நீர் வற்றிக் குறுகிய குளங்களின் உட்கரை ஒன்று. வாவியோரத்துத் தாழ்நிலங்கள் மற்றொன்று. ஏனைய நிலமெல்லாம் கச்சான் காற்றில் வெந்து கிடக்கும். மத்திய மலைநாட்டைக் கடந்து, ஈரத்தை அங்கே இழந்து, வெப்பக் காற்றாகக் கீழிறங்கும் தென்மேற்குப் பருவக்காற்றே கிழக்கில் கச்சான் எனப்படுகிறது. இப்பிரதேசத்தின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் சனவரிக்கும் இடையிலேயே பெய்துவிடுகிறது. எனவே கோடையின் கடைக்கூற்றில் புல்லை உயிரோடு வைத்திருப்பது எவ்வாறு என்னும் வினா இங்கு மிகப் பழையது. நெல்லின் வரலாற்றையும் குளத்தின் வரலாற்றையும் எழுதியோர் பலர். புல்லின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை என்றே கூறலாம்.

இவ்வினாவைக் கோல்ப் விளையாட்டுத் திடலிலிருந்து தொடங்குவது வாசகருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் வெப்பவலய நாடுகளின் கோல்ப் திடல்களை இன்று மூடியிருக்கும் புல் யாது என நோக்கின் வியப்பு நீங்கும். பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகே அது. தாவரவியலார் அதனைச் சைனோடன் டாக்டிலோன் என்பர். அமெரிக்க நாட்டின் ஜோர்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்னும் ஊரிலுள்ள ஆய்வு நிலையத்தில், கிளென் பேர்ட்டன் என்னும் ஆய்வாளர் இவ்வறுகைத் தென்னாபிரிக்கச் சிற்றறுகு ஒன்றுடன் கலந்து உருவாக்கிய கலப்பினங்கள், 1956இல் ‘டிஃப்கிரீன்’ எனவும் 1960இல் ‘டிஃப்வே’ எனவும் வெளியிடப்பட்டு உலகெங்கும் பரவின. இவை விதை தருவதில்லை; தண்டைத் துண்டாக்கி நட்டே பெருக்க வேண்டும். வாவியோர உவர்நிலங்களில் வளரும் பாஸ்பலம் இனப் புல்லொன்றும், உப்பு நீரைத் தாங்கும் தன்மையால், 1990களின் பின் இத்திடல்களில் உயர்ந்த இடம் பெற்றுவிட்டது. நம் மாடு மேய்ந்து கழித்த புற்களின் உறவினம், வேலியிட்ட திடலிலே காவலாளரின் பாதுகாப்பில் வளர்கின்றது.

1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த அறுகம்குடா, அறுகினாற் பெயர் பெற்றதென்பர். பதுளை வீதியிலே புல்லுமலை இருக்கின்றது. பட்டிருப்பு, பட்டிப்பளை ஆகிய பெயர்களில் ‘பட்டி’ ஒலிக்கின்றது. பெயராய்வில் அவசரம் கூடாதெனினும், ஒரு பிரதேசத்தின் பெயர்களில் புல்லும் மாட்டுப் பட்டியும் இவ்வாறு அடுத்தடுத்து வருதலைத் தற்செயல் என ஒதுக்கவும் இயலாது.

கோல்ப் திடலின் பிறப்பிடமும் ஒரு மேய்ச்சல் தரையே. ஸ்கொத்லாந்தின் கடற்கரையில், விளைநிலத்துக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான பயனற்ற தரைகளில் ஆடுகள் புல்லைக் கறித்துக் கறித்து மட்டமாக வைத்திருந்தன. எட்வின் பட்டிங் என்பார் புல்வெட்டும் பொறிக்கு 1830இல் உரிமம் பெறும்வரை ஆடே பிரதான புல்வெட்டியாயிருந்தது. செயின்ற் அன்ட்ரூஸ் நகரின் தரை ஊர்ப்பொதுவாயிருந்தது. அங்கு விளையாடும் ஊராரின் உரிமையைப் பேராயர் ஹமில்ற்றன் 1552இல் எழுத்தில் ஏற்றுக்கொண்டார். கடன்பட்ட நகரசபை 1797இல் அத்தரையை விற்றுவிட, முயல் வளர்ப்போருக்கும் விளையாடுவோருக்குமிடையே 1821 வரை வழக்கும் கைகலப்பும் நீடித்தன. 1894இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியாக நகரம் அத்தரையைத் திரும்பப் பெற்றது. இக்கதையில் நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பத்திரமில்லாத பொதுப் புல்லுக்கும் உரிமை உண்டென்பதை அந்நாட்டுச் சட்டம் ஈற்றில் ஒப்புக்கொண்டது.

அதே அரசு இலங்கையில் நடந்துகொண்ட முறை வேறு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதென அனுமானித்தது. 1897இன் தரிசு நிலச் சட்டம் அப்பிடியை மேலும் இறுக்கியது. மேய்ச்சல் தரையில் உழவின் தடம் இராது, வரம்பு இராது, வேலியும் இராது. எனவே மாடு மேய்ப்பவனின் பயன்பாடு சட்டத்தின் கண்ணுக்குப் பயன்பாடாகவே தோன்றவில்லை. தேசாதிபதி சேர் ஹென்றி வோர்ட் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவர். நெற்செய்கை, நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்கங்களை மீட்டு நிலைநிறுத்தும் 1856இன் 9ஆம் இலக்கச் சட்டம் அவர் காலத்தது. கொழும்புக் காலிமுகத்திடலின் உலாவீதியும் அவர் அமைத்ததே. நீரின் வழக்குக்கு அவர் சட்டம் தந்தார். மேட்டுக்குடியினரின் புல்லுக்கு வீதி தந்தார். மேய்ப்பனின் புல்லைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமிருக்கவில்லை.

காலிமுகத்திடலிலேதான் 1879இல் கொழும்பு கோல்ப் கழகம் தோன்றியது. 1896இல் அது பொரளையிலுள்ள றிட்ஜ்வே திடலுக்குப் பெயர்ந்தது. 1928இல் ‘றோயல்’ என்னும் அடைமொழியும் பெற்றது. நுவரெலியாக் கழகம் 1889இல் அமைந்தது. ஈரவலயத்திலும் குளிர் மலையிலும் இவை நிலைபெற்றமை இயல்பே. கச்சான் வீசும் மணற்கரையில் அத்தகைய திடலொன்றைப் பேணுவதாயின் என்ன வேண்டுமென எண்ணிப் பார்த்தல் பயனுடையது.

கோடை முதிரும்போது திடற் காவலர் முதலிற் செய்வது வெட்டும் உயரத்தைக் கூட்டுதல். குழியைச் சூழ்ந்த பசுந்தரை மூன்று நான்கு மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டப்படுவது. வெப்பம் மிகுந்தால் அவ்வளவு குறுக வெட்டப்பட்ட புல் வேரை வளர்க்கும் வலுவை இழக்கும். ஒரு தடவையில் இலையின் மூன்றிலொரு பங்குக்கு மேல் அகற்றலாகாது என்பது அவர்கள் கைக்கொள்ளும் விதி. நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு விடியற்காலையில் ஆழமாக நீர் பாய்ச்சுதல் வேரைக் கீழே இழுக்கும். நீர் உவராயின் உப்பு வேரடியிலே தங்கும். அதனைக் கழுவி இறக்க மேலதிக நீரோ மாரி மழையோ வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான நம் வாவியின் முகத்துவாரத்தைக் கோடையில் மணற்றிடர் அடைக்கின்றது, நீர் வற்றுகின்றது, கரையோரக் கிணறுகளும் உவர்க்கத் தொடங்குகின்றன. மணலோ நீரைப் பிடித்து வைப்பதில்லை. ஆகவே இங்கு புல்லைப் பச்சையாக வைத்திருக்க விரும்புவோர் குடிக்கும் நீரையே அதற்கு ஊற்றவேண்டிவரும்.

வாவிப் பிரதேசத்து மேய்ப்பர் இச்சிக்கலை நீரால் தீர்க்கவில்லை; நடையால் தீர்த்தனர். கோடையிலே புல் சாவதில்லை, உறங்குகிறது என்பது அவர்கள் அனுபவத்திற் கண்டது. இலை கருகினும் அறுகின் நிலக்கீழ்த் தண்டு உயிரோடிருக்கும். ஐப்பசியின் முதல் மழைக்குச் சில நாட்களிலேயே தளிர்க்கும். அத்தண்டை மாட்டின் குளம்பு நசுக்கிவிடாது பார்ப்பதே காவல். அதற்குப் பட்டியை ஓரிடத்தில் நீண்டநாள் நிறுத்தலாகாது. பெரும்போகம் விதைக்கும்போது வட்டையிலிருந்து பட்டிகள் வெளியேறிப் படுவான்கரைக்கு அப்பாலுள்ள மயிலத்தமடு, மாதவனை போன்ற மேட்டுத் தரைகளுக்குச் சென்றன. அறுவடை முடிந்தபின் தாள் வயல்களுக்குத் திரும்பின. மாடு தாளைத் தின்றது. எரு வயலில் விழுந்தது. கோடை இறுகக் குளங்கள் பின்வாங்கின. நீர் விட்டுச்சென்ற சேற்றில் முளைத்த புல்லைத் தேடிப் பட்டிகள் நீரின் பின்னேயே நடந்தன. குளத்தின் கீழ் நெல்லும் குளத்தின் உள்ளே புல்லுமாக, ஒரே நீர் இருமுறை பயன் தந்தது. மட்டக்களப்புத் தயிர்ச்சட்டியின் புகழுக்குப் பின்னால் இருப்பது இந்த நீண்ட நடைதான்.

தீயும் ஒரு கருவியாயிருந்தது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்து கிழக்கே வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், மலையடிவாரத்தின் பரந்த புல்வெளிகளை ஆங்கிலப் பிரபுக்களின் பூங்காவனம்போற் கண்டு ‘பூங்கா நாடு’ எனக் குறித்தார். அப்பூங்கா தானாக அமைந்ததன்று. இலுக்கும் மானாவும் முற்றி மாட்டுக்கு உதவாத காலத்தில் அவற்றைக் கொளுத்திப் புதுத் தளிர் எடுத்தவர் கைகள் அதன் பின்னே உண்டு. தீவைத்தலால் காட்டோரம் தேய்ந்ததும் உண்மையே. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் 1907இன் வனக் கட்டளைச் சட்டம் ஒதுக்கக் காடுகளில் தீயையும் மேய்ச்சலையும் குற்றமாக்கியபோது, தீயினால் வரும் கேட்டை மட்டுமே கண்டது. அதனை இட்டவரின் தேவையைக் காணவில்லை.

இம்முறைமை எல்லோருக்கும் சமமானதாயிருந்ததெனக் கூறுதல் பொருந்தாது. பெரும் பட்டிகள் போடிமார் உடைமை. வெயிலில் நடந்தவர் கூலி மேய்ப்பர். ஊர்ப்பொது எனப்பட்ட புல்லில் நிலமற்றவனின் ஓரிரு பசுக்களுக்கும் இடமிருந்தது என்பதே அதன் சிறப்பு. அவ்விடமே பின்னர் முதலிற் சுருங்கியது.

1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்தது. குடியேற்றத்தின் இன அரசியல் விளைவுகள் பலராலும் ஆராயப்பட்டுள்ளன. புல்லின் மீதான விளைவு பேசப்படவில்லை. கோடையிலும் நீர் வந்தபோது சிறுபோகம் பெருகிற்று. சிறுபோகம் பெருகிய வயலில் கோடைத் தாள்மேய்ச்சல் இல்லாமற்போயிற்று. நெல்லுக்கு இது ஆக்கமே. ஆனால் பட்டிக்கு ஆண்டின் மிகக் கொடிய மாதங்களில் இருந்த புகலிடம் பறிபோனது. வேறிடம் வழங்க வேண்டுமென எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. 1979இன் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாவலி அதிகாரசபையின் ஆட்சி எல்லைக்குள் மேட்டு மேய்ச்சல் தரைகளும் சென்றன. தலைமுறைகளாய் மேய்த்தவர்களிடம் காட்டுதற்குப் பத்திரம் இல்லை. 1840இல் எழுதப்பட்ட அனுமானம் வேறு பெயரில் தொடர்ந்தது.

அண்மைய ஆண்டுகளில் மயிலத்தமடு, மாதவனைத் தரைகளில் வெளிமாவட்டத்தார் புகுந்து பயிரிட்டனர். மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் இறந்ததாகப் பண்ணையாளர் முறையிட்டனர். உழுத தரையில் அறுகின் தண்டு மேலே புரண்டு கச்சானிலே காய்ந்துவிடும். கறித்த புல் மீளும், கோடையில் உழுத புல் மீள்வது அரிது. 2023 செப்டெம்பரில் சித்தாண்டி வீதியோரத்தில் பண்ணையாளர் தொடர் அறப்போராட்டத்தைத் தொடங்கினர். அது கோடையின் கடைக்கூறு. பெரும்போக விதைப்புக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. வயல்களை விட்டுப் பட்டிகள் வெளியேற வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.