மூச்சா, இதயமா?

அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியை நாலைந்து பேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியை முகரச் செய்து, வலியில்லா அறுவைக்கு வழி திறந்தார். மறு ஆண்டு நவம்பரில் எடின்பரோ மருத்துவர் சிம்சன் குளோரோபாரத்தை அறிமுகம் செய்தார். ஈதரைவிட இனிய மணம். கைக்குட்டையில் சிறிதளவு விட்டு முகரச் செய்தாலே போதும், விரைவில் மயக்கம் வந்துவிடும். எனவே அது வெகுவேகமாகப் பரவியதில் வியப்பில்லை.

ஆனால் மூன்று மாதங்கள்கூட நிறைவுறவில்லை. 1848 சனவரி 28 அன்று, இங்கிலாந்தின் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுப் பெண், கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோபாரம் முகர்ந்த சில நிமிடங்களில் இறந்தாள். அதன் பிறகு இத்தகைய மரணங்கள் பல ஊர்களில் நேர்ந்தன.

இவர்கள் இறந்தது மூச்சு நின்றதாலா, இதயம் நின்றதாலா? இது வெறும் ஏட்டு விவாதமன்று. மயக்கம் கொடுப்பவர் எதைக் கவனித்திருக்க வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ, செறிவு மிக்க ஆவி இதயத்தைத் தாக்குகிறது என்றார். ஆவியைக் காற்றுடன் அளவாகக் கலந்து தரும் கருவியையும் அமைத்தார். ஸ்காட்லாந்து மருத்துவர்களோ மூச்சைக் கவனித்தால் போதும் என்றனர்.

இவ்வழக்கு நம் நாட்டுக்கும் வந்தது. ஐதராபாத்தில் பணியாற்றிய எட்வர்டு லாரி என்னும் ஆங்கிலேய மருத்துவர் ஸ்காட்லாந்துக் கட்சியைச் சேர்ந்தவர். அவர் முயற்சியால் 1888இல் ஓர் ஆய்வுக்குழு அமைந்தது. அதன் முடிவை 'லான்செட்' இதழ் ஏற்கவில்லை. உடனே நிஜாம், இதழின் சார்பில் ஒருவரை அனுப்பிவைக்க ஆயிரம் பவுன் அளித்தார். 1889இல் லாடர் பிரண்டன் வந்து சேர்ந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகள் சோதிக்கப்பட்டன. மூச்சே முதலில் நிற்கிறது என்று முடிவாயிற்று. இதயத்தின் மீது ஐயம் கொண்டிருந்த பிரண்டனும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

ஆயினும் மரணங்கள் தொடர்ந்தன. ஏன்? அளவுக்கு மிஞ்சிய குளோரோபாரம் மூச்சை முதலில் நிறுத்துவது உண்மையே. ஆனால் ஆபத்துக்கு வேறொரு வழியும் உண்டு. அதை 1911இல் லீவி என்பவர் பூனைகளிடம் கண்டறிந்தார். குறைந்த அளவு குளோரோபாரத்தால் மயங்கிய பூனைக்கு அட்ரினலின் செலுத்தியதும், அதன் இதயக் கீழறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்கின. இரத்த ஓட்டம் நின்றது. அச்சத்தின்போது நம் உடலிலேயே அட்ரினலின் சுரக்கிறது அல்லவா? மயக்கம் முழுமையாகு முன்பே, சிறிய அறுவைகளில்கூட, திடீர் மரணம் நேரக்கூடும் என்பது இதனால் விளங்கிற்று.

ஐதராபாத் குழுவினர் கண்டது பொய்யன்று. கண்ட ஒரு வழியையே எல்லா மரணங்களுக்கும் பொதுவாக்கியதுதான் பிழை. இன்று குளோரோபாரம் மயக்க மருந்தாகப் பயன்படுவதில்லை. அதன் இடத்துக்கு வந்த மருந்துகளின் ஆவி கருவியால் அளந்து தரப்படுகிறது. அறுவை அறையில் நோயாளியின் மூச்சையும் இதயத் துடிப்பையும் கருவிகள் ஒருங்கே காட்டுகின்றன. இரண்டில் எது என்ற வினாவுக்கு, இரண்டையும் கவனி என்பதே விடையாயிற்று.