சுஷியும் தில்லையடியும்

அண்மையில் அயலிலுள்ள சிறு யப்பானிய உணவகமொன்றில் நண்பரொருவருடன் இரவுணவு உண்டேன். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து, புத்தளத்தை அடுத்த தில்லையடியில் அகதியாக வளர்ந்தவர் அவர். சுஷித் தட்டைக் கண்டதும், "பச்சை மீனுக்கு இவ்வளவு காசா, அண்ணை?" என்று சிரித்தார்.

தொடக்கத்தில் சுஷி பச்சை மீன் உணவன்று; மீனைக் கெடாது காக்கும் வழி. உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் அடுக்கி மாதக்கணக்கில் புளிக்கவிடுவர். பின்னர் சோற்றை அகற்றிவிட்டு மீனை உண்பர். பிவா ஏரிக் கரையில் இவ்வழக்கம் இன்றும் உண்டு. வினாகிரி கலந்த சோற்றின் மீது மீன்துண்டை வைத்து உடனே பரிமாறும் முறை, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், பரவியது.

உப்பளமும் கருவாடும் அறிந்த புத்தளத்தாருக்கு இக்கலை அந்நியமானதன்று. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா இக்கரையிலேயே இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மாலைதீவில் மீனை அவித்துப் புகையூட்டுவதையும், அது இந்தியா, சீனா, யேமன் வரை ஏற்றுமதியாவதையும் அவர் எழுதியுள்ளார். அதுவே நம் சம்பலில் சேரும் மாசி. ஏறத்தாழ அதே முறையில் பதப்படுத்திய சூரையைச் சீவியே யப்பானியர் தம் சூப்பைக் காய்ச்சுகின்றனர்.

அந்தச் சூப்பை ஒரு மிடறு அருந்திய நண்பர், "மாசி வாசம்" என்றார். பிறகு சற்று நேரம் பேசவில்லை.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் ஒக்ரோபர் 30ஆம் நாள் வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர்; தில்லையடியில் அகதி முகாம்கள் எழுந்தன. 2002 ஏப்ரலில் அன்ரன் பாலசிங்கம் அதற்காக வருத்தம் தெரிவித்தார். தமிழ்ப் பத்திரிகையாளர் பலர் அன்று இதனை உரத்துச் சொல்லவில்லை. நானும் அவர்களுள் ஒருவன்.

"உம்மா மாசிப் போத்தலை அடுப்படியில அப்படியே விட்டிட்டு வந்தவ. திரும்பி வருவம் எண்டுதான் நினைச்சவ" என்றார் நண்பர்.

ஆண்டுக்கணக்கில் கெடாத பண்டம் அது. அதை எடுத்துவரக்கூட நாம் அவர்களை விடவில்லை.