உரிமையாளர் வசிக்காத வீடுகளுக்கான காப்பீடு

உரிமையாளர் வசிக்காத வீடுகளுக்கான காப்பீடு என்பது வாடகைக்கு விடப்பட்ட வீடுகள், ஆண்டின் சில மாதங்களில் மட்டும் பயன்படும் பருவகால வீடுகள், பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஆகியவற்றுக்குச் செய்யப்படும் சொத்துக் காப்பீடு ஆகும். வழமையான வீட்டுக் காப்பீடு, உரிமையாளர் அவ்வீட்டிலேயே குடியிருக்கிறார் என்ற எடுகோளின் மீது அமைந்தது. அந்த எடுகோள் பொய்த்துவிட்டால், தவணைத் தொகை தவறாமல் செலுத்தப்பட்டிருந்தாலும் இழப்பீடு குறைக்கப்படலாம், அல்லது முற்றிலும் மறுக்கப்படலாம். இவ்வகைக் காப்பீட்டின் விதிகள் ஐக்கிய அமெரிக்காவில் மிக விரிவாக வளர்ந்துள்ளதால், இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாட்டு நடைமுறையை விளக்குகிறது. ஐக்கிய இராச்சியம், இந்தியா ஆகிய நாடுகளின் நடைமுறை இறுதியில் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளது.

இடரின் தன்மை

ஆளில்லாத வீட்டில் விபத்துகள் அதிகம் நிகழ்கின்றன என்பதை விட, நிகழ்ந்த விபத்து நெடுநேரம் கவனிக்கப்படாமல் இருக்கிறது என்பதே முதன்மையான சிக்கல் ஆகும். ஆள் இருக்கும் வீட்டில் குழாய் வெடித்தால் சில நிமிடங்களில் வால்வு மூடப்படும். யாரும் இல்லாத வீட்டில் அதே குழாய் வாரக்கணக்கில் நீரைக் கொட்டலாம். தரை, சுவர், மின் இணைப்புகள் அனைத்தும் பழுதாகி, பூஞ்சையும் படர்ந்த பின்னரே செய்தி தெரியவரும். தீயும் அவ்வாறே, புகையை முதலில் காண்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டார்தான். பூட்டிய வீடு திருடர்களையும், கண்ணாடிகளை உடைத்து மகிழ்வோரையும் ஈர்க்கிறது என்பது இரண்டாவது காரணம்.

வெற்று வீடும் ஆளில்லா வீடும்

அமெரிக்கக் காப்பீட்டுச் சட்டத்தில் இரு நிலைகள் வேறுபடுத்தப்படுகின்றன. அறைகலன்களும் அன்றாடப் பொருட்களும் அப்படியே இருக்க, குடியிருப்போர் மட்டும் வெளியூர் சென்றிருந்தால் அது ஆளில்லா வீடு. ஆட்களும் இல்லை, குடியிருப்பதற்கான பொருட்களும் இல்லை என்றால் அது வெற்று வீடு. குளிர்காலம் முழுவதும் புளோரிடாவில் தங்கும் முதியவரின் மிச்சிகன் வீடு முதல் வகையைச் சேரும். விற்பனைக்காகக் காலிசெய்யப்பட்ட வீடும், ஒரு வாடகைதாரர் போய் அடுத்தவர் வராத இடைக்காலத்தில் உள்ள வீடும் இரண்டாம் வகையைச் சேரும். பத்திரத்தில் எந்தச் சொல் உள்ளது என்பதைப் பொறுத்தே பல வழக்குகள் முடிவாகியுள்ளன. "வெற்று வீடு" என்று மட்டும் எழுதப்பட்ட விலக்கை ஆளில்லா வீட்டுக்கும் நீட்டிக்க நீதிமன்றங்கள் பொதுவாக இடமளிப்பதில்லை.

வரலாறு

நியூ யார்க் மாநிலத்தின் 1886 ஆம் ஆண்டு நியமத் தீக் காப்பீட்டுப் பத்திரம், கட்டிடம் தொடர்ந்து 10 நாட்கள் வெறுமையாகவோ ஆளின்றியோ இருந்தால் காப்பீடே செல்லாது என்றது. பிற மாநிலங்கள் பலவும் நியூ யார்க்கின் பத்திரத்தையே முன்மாதிரியாகக் கொண்டன. 165 வரிகள் கொண்டது என்பதற்காகப் பெயர்பெற்ற 1943 ஆம் ஆண்டுப் பத்திரம் இக்கெடுவை 60 நாட்களாக உயர்த்தியது. அதன்படி, அந்நிலை நீடிக்கும் காலத்தில் நேரும் இழப்புக்கு மட்டுமே நிறுவனம் பொறுப்பேற்காது. ஆட்கள் திரும்பிவந்தால் காப்பும் திரும்பும். இது சிறு திருத்தம் போலத் தோன்றினாலும் உரிமையாளருக்கு மிகப் பெரிய சலுகை ஆகும்.

எச்.ஓ.-3 பத்திரம்

1971 இல் தொடங்கப்பட்ட இன்சூரன்ஸ் சர்வீசஸ் ஆபீஸ் என்ற நிறுவனம் வெளியிடும் மாதிரிப் பத்திரங்களை அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் பல, சிற்சில மாற்றங்களுடன் பயன்படுத்துகின்றன. அவற்றுள் சொந்த வீட்டில் குடியிருப்போருக்கானது எச்.ஓ.-3. இதில் வெற்று வீடு என்பதற்காகக் காப்பு முழுவதும் நின்றுவிடுவதில்லை. இழப்புக்கு முன் தொடர்ந்து 60 நாட்களுக்கு மேல் வீடு வெறுமையாக இருந்திருந்தால், பிறர் வேண்டுமென்றே விளைவிக்கும் சேதத்துக்கும் கண்ணாடி உடைவுக்கும் மட்டும் காப்பு இல்லை. 1991 ஆம் ஆண்டுப் பதிப்பில் 30 நாட்களாக இருந்த இவ்வரம்பு 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில் 60 ஆனது. கட்டப்பட்டுவரும் வீடு வெற்று வீடாகக் கருதப்படாது. பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதும் "கட்டுதல்" ஆகுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒன்றுபடவில்லை. வெற்று வீட்டுக்குள் புகுந்தவர் வைத்த தீயைத் தீ விபத்து என்பதா, வேண்டுமென்றே செய்த சேதம் என்பதா என்பதிலும் அவ்வாறே. முதலாவது என்றால் இழப்பீடு உண்டு. இரண்டாவது என்றால் இல்லை. ஒரு வீட்டின் முழு மதிப்பும் இவ்வாறு ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்து நிற்பது வியப்புக்குரியது.

உறைபனிக்குத் தனி விதி உண்டு. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால், மூடிய குழாய்க்குள் அழுத்தம் பெருகிக் குழாய் வெடிக்கிறது. வீட்டில் வெப்பத்தைப் பேண நியாயமான கவனம் எடுத்திருக்க வேண்டும், அல்லது நீர் வரத்தை நிறுத்திக் குழாய்களிலும் கருவிகளிலும் உள்ள நீரை முழுவதும் வடித்திருக்க வேண்டும். இல்லையேல் இழப்பீடு கிடையாது. இவ்விடர் வட மாநிலங்களுக்கு மட்டும் உரியதன்று. 2021 பெப்ரவரியில் டெக்சசு மாநிலத்தில் மின்சாரம் நின்று கடுங்குளிர் நிலவியபோது எண்ணற்ற வீடுகளில் குழாய்கள் வெடித்தன.

"குடியிருக்கும்" என்ற சொல்

நாட்கணக்கை விட ஆபத்தானது பத்திரத்தின் வரையறைப் பகுதி ஆகும். காப்பீடு செய்தவர் "குடியிருக்கும்" வீடு என்றே எச்.ஓ.-3 வீட்டை வரையறுக்கிறது. குடியிருப்பே இல்லையென்றால் விலக்குகளை ஆராயத் தேவையின்றி, இது காப்பீட்டுக்கு உட்பட்ட வீடே அன்று என நிறுவனம் வாதிட முடியும். நியூ யார்க்கில் ஓர் இணையர் 2005 இல் வீடு வாங்கினர். கரையான் அரிப்பு கண்டறியப்பட்டதால் குடிபுகாமல் பழுதுபார்த்து வந்தனர். 2006 இல் வீடு தீக்கிரையானது. அவர்கள் அங்கு குடியிருக்கவில்லை எனக் கூறி நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது. "குடியிருத்தல்" என்பதைப் பத்திரம் வரையறுக்கவில்லை, எனவே அச்சொல் ஐயத்துக்கு இடமானது என 2012 இல் அம்மாநிலத்தின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. பிற வழக்குகள் அனைத்தும் இவ்வாறு உரிமையாளருக்குச் சாதகமாக முடிந்தவை அல்ல.

இச்சொல்லால் பெரிதும் பாதிக்கப்படக் கூடியவர்கள் முதியோர் இல்லத்துக்கு நிலையாகச் சென்றுவிட்டவர்களும் அவர்களது பிள்ளைகளும் ஆவர். வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகவே கழிந்துகொண்டிருக்கும். வீட்டில் யாரும் இல்லை என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. உரிமையாளர் இறந்தால் அவரது சட்டப் பிரதிநிதிக்கு, இறப்பின்போது காப்பில் இருந்த சொத்தளவில் பாதுகாப்பு தொடரும் என்று எச்.ஓ.-3 கூறுகிறது. ஆனால் அதற்கு முன்பே வீடு காப்பின் வரையறையிலிருந்து விழுந்திருந்தால் தொடர்வதற்கு ஒன்றும் இல்லை. குடியிருப்பு நிலை மாறியவுடன் எழுத்து மூலம் அறிவித்து, பிற்சேர்க்கை ஒன்றையோ வெற்று வீட்டுக்கான தனிப் பத்திரத்தையோ பெறுவதே வழி. தனிப் பத்திரங்கள் பெரும்பாலும் 3, 6 அல்லது 12 மாதங்களுக்கு வழங்கப்படுகின்றன. கட்டணம் அதிகம், காப்பு குறைவு.

வீட்டில் அடமானக் கடன் இருந்து, காப்பீடு நின்றுபோனால், கடன் நிறுவனம் தானே ஒரு காப்பீட்டை எடுத்து அதன் செலவைக் கடனாளியிடம் வசூலிக்கலாம். அமெரிக்க நடுவண் விதிகளின்படி இதற்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் அறிவிப்பு தர வேண்டும். இது விலையும் அதிகம். பொதுவாக உடைமைகளுக்குக் காப்பும் தராது.

வாடகை வீடுகள்

வாடகை வீடுகளுக்கும் பல பருவகால வீடுகளுக்கும் டி.பி.-1, டி.பி.-2, டி.பி.-3 என்ற வரிசைப் பத்திரங்கள் உள்ளன. டி.பி.-1 தீ, மின்னல், உள்வெடிப்பு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது. தேய்மானம் கழித்தே இழப்பீடு தரும். டி.பி.-3 விலக்கப்பட்டவை தவிர அனைத்து இடர்களிலிருந்தும் கட்டிடத்தைக் காக்கிறது. தீ போன்ற காரணத்தால் வீடு குடியிருக்கத் தகாததாகி வாடகை நின்றால் அவ்வாடகையும் ஈடுசெய்யப்படும். வாடகைதாரர் பணம் தராமல் போனால் கிடைக்காது. திருட்டுக்கான காப்பும், பிறருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்புக் காப்பும் தனியே சேர்க்கப்பட வேண்டியவை. வாடகைதாரரின் பொருட்களை உரிமையாளரின் பத்திரம் காப்பதில்லை.

பெரிய அடுக்குமாடிக் கட்டிடங்களுக்கான வணிகப் பத்திரத்தில் கணக்கு வேறு. மொத்தப் பரப்பில் குறைந்தது 31 விழுக்காடு பயன்பாட்டில் இல்லாவிட்டால் கட்டிடம் வெறுமையானது. அந்நிலை 60 நாட்களைக் கடந்தால் திருட்டு, நீர்ச் சேதம் முதலிய சிலவற்றுக்கு இழப்பீடு இல்லை. தீ போன்றவற்றுக்கு 15 விழுக்காடு குறைத்துத் தரப்படும்.

ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் வழியாக நாள் வாடகைக்கு விடுவதைப் பல நிறுவனங்கள் வணிகமாகக் கருதுகின்றன.

பிற நாடுகள்

ஐக்கிய இராச்சியத்தில் பெரும்பாலான பத்திரங்கள் 30 அல்லது 60 நாட்களை வரம்பாகக் கொள்கின்றன. குளிர்காலத்தில் வெப்பத்தைப் பேணுதல், குறித்த இடைவெளியில் வீட்டைப் பார்வையிடுதல் ஆகிய நிபந்தனைகளும் இருக்கும். 2016 ஆகத்து 12 இல் நடைமுறைக்கு வந்த 2015 ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம், ஒரு நிபந்தனையை மீறியது நேர்ந்த இழப்பின் வாய்ப்பைக் கூட்டியிருக்க முடியாது எனில், அம்மீறலைக் காட்டி நிறுவனம் தப்ப முடியாது என்கிறது. வெப்பம் பேணாத வீட்டை மின்னல் தாக்கினால் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணம் ஆகாது.

இந்தியாவின் நியமத் தீ மற்றும் சிறப்பு இடர்கள் பத்திரத்தில், கட்டிடம் 30 நாட்களுக்கு மேல் ஆளின்றி இருந்தால், நிறுவனத்தின் ஒப்புதலை இழப்புக்கு முன்பே பெற்றிருந்தாலன்றிக் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை உண்டு. வீடுகளுக்கென 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் கிருக ரக்சா என்ற பொதுப் பத்திரம் அறிமுகமானது. இது வாடகை இழப்பையும் ஈடுசெய்கிறது. ஆனால் திருட்டு, காப்புக்கு உட்பட்ட ஒரு நிகழ்வை அடுத்து அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடந்தால் மட்டுமே இதில் அடங்கும். சாதாரணக் கன்னக்களவுக்குத் தனிக் காப்பீடு வேண்டும். அத்தகைய கன்னக்களவுப் பத்திரங்கள் பலவற்றில், வீடு தொடர்ந்து ஏழு பகலும் ஏழு இரவும் ஆளின்றி இருந்தால் காப்பு நின்றுவிடும் என்ற விதி காணப்படுகிறது. சென்னையிலோ மதுரையிலோ வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் வாழ்வோர் இவ்விதி தம் பத்திரத்தில் உள்ளதா எனப் பார்த்து, இருந்தால் நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதலை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும்.