வெயில் இலவசம், தகடு இலவசமா?



வெயிலுக்கு யாரும் விலை கேட்பதில்லை. ஆனால் அந்த வெயிலை மின்சாரமாக்க வேண்டுமென்றால் முதலில் கையில் ஒரு தொகை வேண்டும். அது இல்லாதவருக்குச் சூரிய மின்சாரம் எட்டுமா? இந்தக் கேள்வியை லண்டனில் ஒரு கலைஞர் தம்பதி அச்சுக்கலையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறேன்.

கதை நடக்கும் இடம் கிழக்கு லண்டனில் உள்ள வால்தம்ஸ்டோ. 1834-இல் வில்லியம் மோரிஸ் பிறந்த ஊர் அது. சுவர்த்தாள் வடிவங்களுக்குப் புகழ்பெற்றவர், சமதர்மவாதி, அழகான பொருள் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று பேசியவர். 1891-இல் அவர் தொடங்கிய கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் கைவேலையாக அச்சான சாசர் நூல் 1896-இல் வெளிவந்தது. அதன் விலை 20 பவுண்டு. அன்றைய தொழிலாளிக்கு அது பல வாரக் கூலி! நல்ல பொருளைச் செய்துவிடலாம், அது ஏழையின் கைக்குப் போய்ச் சேர்வதுதான் கடினம் என்பதை மோரிஸின் வாழ்க்கையே காட்டியது.

இத்தனைக்கும் அச்சுக்கலை பலருக்கும் போய்ச் சேருவதற்கென்றே உள்ள கலை. என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, சாயத்தில் தொட்டு, தாளில் பதிப்போம். ஒரு காயில் நாற்பது பிள்ளைகளுக்குப் பூ கிடைக்கும். ஓவியம் ஒன்றுதான், அச்சுப்படம் எத்தனையும் எடுக்கலாம்.

அதே வால்தம்ஸ்டோவில் வாழும் ஹிலரி பவல் ஓர் அச்சுக்கலைஞர். கணவர் டான் எடல்ஸ்டைன் திரைப்படம் எடுப்பவர். 2018-இல் இருவரும் ஹோ ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் தங்களுக்கென்று ஒரு 'வங்கி' திறந்தார்கள். அங்கே நோட்டுகளை அச்சடித்தார்கள். அவற்றில் அரசியின் படம் இல்லை. அதற்குப் பதிலாக, பசித்தவருக்கு உணவு தருபவர், பள்ளித் தலைமையாசிரியை என்று உள்ளூர்க்காரர்களின் முகங்கள் இருந்தன. நோட்டுகளைக் கலைப்பொருளாக விற்றுச் சுமார் 40,000 பவுண்டு திரட்டினார்கள்.

அதில் பாதி உள்ளூர் நற்பணிகளுக்குப் போனது. மீதி 20,000 பவுண்டில், வால்தம்ஸ்டோ மக்கள் கட்ட முடியாமல் நின்றுபோன 12 லட்சம் பவுண்டு கடனை வாங்கி ரத்து செய்தார்கள். எப்படி முடிந்தது என்கிறீர்களா? வசூலாகாத கடனை நிறுவனங்கள் மிகக் குறைந்த விலைக்குக் கைமாற்றிவிடும். கடனாளியிடம் மட்டும் முழுத்தொகை கேட்பார்கள். ஏறத்தாழ 60 பவுண்டு கடன் 1 பவுண்டுக்கு விலைபோகிறது என்ற உண்மையை அந்த நோட்டுகள் ஊருக்கே சொல்லிக் கொடுத்தன.

அடுத்து அவர்கள் கை வைத்தது மின்சாரத்தில். தங்கள் தெருவையே ஒரு மின் நிலையமாக்குவது என்று புறப்பட்டார்கள். பணக்கார வீடுகள் நிறைந்த தெரு அல்ல அது. குளிர்காலத்தில் வீட்டுக் கூரைமேல் படுக்கை போட்டு உறங்கி, பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். தங்கள் வீட்டோடு நிற்காமல் அண்டை வீடுகளின் கூரைகளிலும் தகடு ஏற வேண்டும் என்பதே நோக்கம்.

அந்த நேரத்தில் பிரிட்டனின் நிலையைப் பாருங்கள். ஒரு சராசரிக் குடும்பத்தின் ஆண்டு மின்சார, எரிவாயுக் கட்டண உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. 2022 ஏப்ரலில் அது 1,971 ஆனது. அக்டோபரில் அரசே தலையிட்டு 2,500 அளவில் நிறுத்த வேண்டியிருந்தது. சூரியத் தகடு யாருக்கு அதிகம் தேவைப்பட்டதோ அவரிடம்தான் அதை வாங்க முதல் இல்லை. வாடகைக்கு இருப்பவருக்கோ கூரையே சொந்தமில்லை.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. 2010 முதல் 2019 வரை, வீட்டில் தகடு பொருத்தியவர்களுக்கு அவர்கள் உற்பத்தி செய்யும் மின்சாரத்துக்குப் பணம் தரும் திட்டம் பிரிட்டனில் இருந்தது. திட்டம் நல்லதுதான்; தகடுகள் பரவின. ஆனால் அந்தப் பணம் எல்லா மின் நுகர்வோரின் கட்டணத்திலிருந்தும் வந்தது. முதல் போட வசதி உள்ளவர் வாங்கிக்கொண்டார். வசதி இல்லாதவரும் சேர்ந்து கொடுத்தார்.

ஒரு தெருவால் நாட்டின் மின்சாரச் சிக்கல் தீராது. தர்மமாகத் திரட்டிய பணத்தில் ஊரெல்லாம் தகடு போடவும் முடியாது. அது அரசும் பொதுத்துறை வங்கிகளும் செய்ய வேண்டிய வேலை. ஆனால் 'ஏழைக்குக் கட்டுப்படியாகாது' என்று நாம் சொல்லும்போது, தகட்டின் விலையை மட்டும் பார்க்கிறோம். முதல் பணத்தை யார் கொடுப்பது, எத்தனை ஆண்டில் திரும்ப வாங்குவது, லாபம் யாருக்கு என்ற மூன்று கேள்விகளைக் கேட்பதில்லை. ஹிலரி பவல் நோட்டு அச்சடித்துக் கேட்டது அந்தக் கேள்விகளைத்தான்.

உங்கள் தெருவில் நடந்து போகும்போது கூரைகளைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். தகடு இருக்கும் வீடு எது, இல்லாத வீடு எது என்று எண்ணிப் பார்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.